வெயிலில் தெரியாத தீ

உச்சி வேளை. மாப்பிள்ளையூரணியிலிருந்து தருவைகுளம் போகும் ரோடு. இரண்டு பக்கமும் உப்பளம். ஆள் கிடையாது... வெயிலுக்குப் பயந்து அளத்து ஆட்கள் காலையிலேயே வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

செல்வின், அந்த செல்போனை அணை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. துறைமுக கேட் திறந்து நம் லாரிகள் நகர இன்னும் நேரம் கிடக்கிறது. எல்லோரும் நெருங்கி உட்காருங்கள்.

நம்ம மாடக்கண்ணுவின் சித்தப்பா மகன் செந்தூர்வேல். ஓர் அணுமின் நிலையத்தில் கேஸ் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே ஜெனரேட்டர் சூடாகாமல் இருக்க, உள்ளே ஹைட்ரஜனை அடைத்து ஓடவிடுவார்கள். பொல்லாத கேஸ். கசிந்தால் வாடை கிடையாது, நிறம் கிடையாது. காற்றோடு கலந்து கூரை மூலையில் தங்கிவிட்டால் ஒரு பொறி போதும், கூரையே இருக்காது. சில நேரம் வெடிக்காது. கசிகிற இடத்திலேயே பற்றிக்கொள்ளும்... பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அதனால் சந்தேகம் வந்தால் பழைய ஆட்கள் ஒரு வாரியலை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். நம் வீட்டில் பெருக்குகிற அதே வாரியல்தான். முனை கருகினால் அதற்குமேல் ஓரடி வைக்கக் கூடாது.

மகாராஜன் ஒரு நாள் அதை மறந்துவிட்டு நடந்தார். வெறும் காற்று என்று நினைத்து நெருப்புக்குள் நுழைந்துவிட்டார்.

மகாராஜன் செந்தூர்வேலுக்குக் கூட்டாளி. ஜெயபிரியாவின் புருஷன். துக்கம் ஆறிய பிறகு பெரியவர்கள் பேசி, ஜெயபிரியாவைச் செந்தூர்வேலுக்குக் கட்டிவைத்தார்கள். இவரும் ஆசைப்பட்டுத்தான் கட்டினார். ஆனால் நிம்மதி இல்லை. குழம்பு வைத்தால், "அவுகளுக்குப் புளி தூக்கலா இருக்கணும்" என்பாள். வேலைக்குக் கிளம்பினால், "அவுக மாதிரி மறந்துராதிய, வாரியல எடுத்துக்கிடுங்க" என்பாள். அவுக, அவுக, அவுக... உயிரோடு இருப்பவன் என்றால் சண்டையாவது போடலாம். செத்தவன் மேல் பொறாமைப்பட்டு என்ன செய்ய? செந்தூர்வேலுக்கு வயிறு எரிந்தது. வேலையிடத்தில் வாரியலைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

அன்றைக்கு லீவில் வீட்டுக்கு வருகிறார். அதே ரோடு, பைக்கில் தனியாக. வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

டயர் பஞ்சர் என்று நினைத்து இறங்கினார். இரண்டு டயரிலும் காற்று இருந்தது. வண்டியை அணைத்தும் சத்தம் நிற்கவில்லை... எதிரே, ரோட்டின் நடுவிலிருந்து வந்தது. கூடவே முடி கருகுகிற வாடை. ரோட்டில் ஒன்றும் இல்லை.

வேலிக்கு வெட்டிப் போட்ட உடைமுள் ஓரத்தில் காய்ந்து கிடந்தது. ஒரு கிளையை எடுத்து மெதுவாக நீட்டினார். முனை கருகியது... சுருண்டது... தீயைக் காணோம். இடப்பக்கம் நகர்த்தினார், எரியவில்லை. வலப்பக்கம், எரியவில்லை. நடுவில் வைத்து மேலே தூக்கினார். ஓர் ஆள் உயரம் வரைக்கும் எரிந்தது. அதற்குமேல் வெறும் வெயில்.

நீங்களோ நானோ என்றால் பைக்கைப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். அவருக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"ஏலே மகாராஜா, அவ இப்ப என் பொஞ்சாதி. செத்த பெறவும் ஒனக்கு என்னலே உரிம? போயிரு."

சத்தம் நின்றது. பிறகு பக்கத்துப் பாத்தியில் உப்புத் தண்ணீர் சொர்ரென்று கொதித்தது. அதற்கடுத்த பாத்தியில் கொதித்தது. அடுத்ததில்... அடுத்ததில்... போய்க்கொண்டே இருந்தது. செந்தூர்வேல் வீடு இருக்கிற திசையில்.

"போயிரு" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அது போயிருக்கிறது.

பைக்கை முறுக்கிக்கொண்டு பறந்தார். வாசலுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஜெயபிரியா தரையில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள். எதிரே பலகை போட்டிருந்தது, பலகையில் ஆள் இல்லை. ஒரு கவளத்தை உருட்டிக் காற்றில் நீட்டினாள். விரல் நுனியிலேயே சோறு கருகி உதிர்ந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு... தன்னைப் பார்த்து அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை என்று செந்தூர்வேல் பிற்பாடு மாடக்கண்ணுவிடம் சொல்லி அழுதாராம்.

"ஏளா... ஜெயா..." என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், வேற்று ஆளைக் கண்டால் எழுந்து நிற்பார்களே, அந்த மாதிரி.

"வாங்க அண்ணாச்சி" என்றாள். "அவுக சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. கொஞ்சம் வெளிய உக்காருங்க."