மேட்டில் சொன்னதற்கு உச்சியில் பதில்

— பைய மிதி, ஜுபைதா. போளூர்ல குடிச்ச காப்பி எனக்கு இன்னும் தொண்டையிலயே நிக்கி. இனி ஜமுனாமரத்தூர் வரைக்கும் மலைப்பாதைதான்.

— இன்னாடி சாமுண்டி இது, வளைவுக்கு அப்பால வளைவா போட்டு வெச்சுக்கீறான். ரோடு போட்டவன் ஒரு தபாவாச்சும் சைக்கிள்ல வந்துகீறானா?

— பேசாத. மேடு ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கி நான் பேசுத மொற. நீ 'ம்' மட்டும் கொட்டணும்.

— தெர்யும்டி, நீ வேற.

— 'ம்' கொட்டு.

— ம்.

— ஆங். இந்தச் சட்டத்தப் போட்டவளே நீதான, ஒனக்கே மறந்து போவுது. மொத மொதல்ல செஞ்சிப் பக்கம் போனோம்லா, ஒரு மேட்டுல பிரியாணிக்கு எம்புட்டு தக்காளி போடணும்னு ரெண்டு பேரும் வாயாடி, மூச்சு முட்டி, ஆளுக்கொரு ஓரமா எறங்கி ஒக்காந்துட்டோம். ஒரு வேன்காரரு நிறுத்தி, அடி பலமான்னு கேட்டாரு. அன்னைக்கி நீ சொன்ன, இனி மேட்டுல ஒருத்திதான் பேசணும், மத்தவளுக்குப் பதில் இருந்தா உச்சியில போயி சொல்லிக்கிடணும்னு.

— ம்.

— நல்ல சட்டந்தான். மேட்டுல வச்சு நாம எம்புட்டு சங்கதி சொல்லிருக்கோம். ஒன் மக தஸ்லீம் காலேஜுக்குப் போவமாட்டேன், கடையில தையல் மிஷின்லதான் ஒக்காருவேன்னு நின்னத நீ மேட்டுலதான் சொன்ன. எனக்கு சுகர் இருக்குன்னு டாக்டர் சொன்னத நான் மேட்டுலதான் சொன்னேன். வாசல்ல நின்னு இதச் சொன்னோம்னு வையி, எதிராளி ஒடனே ஒரு பதில் சொல்லிருவா. அதோட பேச்சு வேற பக்கம் போயிரும். இங்கன அப்படி இல்ல, சொல்லி முடிக்கலாம்.

— ம்.

— அதனாலதான் இதயும் இங்கன வச்சு சொல்லுதேன். இரு, இந்த வளைவு தாண்டட்டும். லாரி வருது, ஓரமா வா.

— ம்.

— எங்க வீட்டுல அவிய ஃபேக்டரியில ரிட்டயர்டு ஆனது ஒனக்குத் தெரியும். அம்பத்தூர்ல வாடகைக்கி வீடு பாக்கோம்னு சொன்னேன்லா? நீ கூட ஐயப்பன்தாங்கல்ல ஒரு வீடு இருக்கு, தண்ணிக் கஷ்டம் இல்லன்னு விசாரிச்சு வச்ச.

— ம்.

— அது பொய்யிட்டி. நாங்க வீடே பாக்கல. தெக்க எங்க ஊரு கடையத்துல கட்டிப் போட்ட வீட்டுக்கே போறோம். இந்த மாசத்தோட குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். நான் ஆவடிய விட்டுப் போறேன், ஜுபைதா.

— ...

— ஏட்டி, 'ம்' சொல்லு. பின்னால வாரியா நிக்கியான்னு எனக்குத் தெரியலல்லா.

— ம்.

— இந்த 'ம்' சரியில்ல. கோவத்துல கொட்டுத. கொட்டிக்கோ. பொங்கலுக்கு முன்னாலயே சொல்லிருக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒன் கடை வாசல் வரைக்கும் வருவேன். நீ வாயில நூலக் கடிச்சுக்கிட்டே தலையத் தூக்கிப் பாத்து, வாடி, ஞாயித்துக்கெழம எந்தப் பக்கம் போலாம்னு கேப்ப. அதுக்குப் பொறவு எனக்கு எங்க வாய் வரும்? சட்டை பட்டன் போச்சு, ஒண்ணு வச்சுக் குடுன்னு எதயாச்சும் சொல்லிட்டு வந்துருவேன். நல்லா இருந்த பட்டன எத்தன தடவ நானே பிச்சுக் கொண்டாந்தேன் தெரியுமா?

— ம்.

— சிரிக்காத. மூச்சுத் திணறும். இந்தா, இந்த மரத்து நெழலோட போ, கியரக் கொறச்சுக்கோ. சரி கேளு. கல்யாணம் முடிஞ்சு ஆவடிக்கு வந்தப்ப குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் ஒவ்வொரு ஊரு. ஒருத்தி பேசுதது ஒருத்திக்கு வெளங்காது. ரொம்ப வருசம் யாருகிட்டயும் ஒட்டாமதான் கெடந்தேன். பொறவு பூந்தமல்லியில ஒன்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன். கை புடிக்கின்னு திருப்பிக் கொண்டாந்தா, கை சரியாத்தான் கீது, நீதான் பருத்துட்டன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன. எனக்கு வந்துதே ஒரு கோவம். ஆனா மறுநாளும் வந்தேன் பாத்தியா. அம்புட்டு உண்மையா யாரும் என்கிட்ட பேசுனது இல்ல.

— ம்.

— அதுல வந்ததுதான இந்த சைக்கிள். நாப்பது வயசுக்கு மேல, குவார்ட்டர்ஸ் கிரவுண்டுல, ஒருத்தி சீட்டப் புடிக்க ஒருத்தி விழ. நாயெல்லாம் ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்துச்சு. பாரிவாக்கம் ஏரி வரைக்கும் போயிட்டு வந்தத என்னமோ காசிக்குப் போயிட்டு வந்த மாரி பேசுனோம். மாங்காட்டுல நான் அம்மன கும்பிட்டு வார வரைக்கும் நீ ரெண்டு சைக்கிளுக்கும் காவல் நின்ன. பொறவு காஞ்சிபுரம், வந்தவாசி, செஞ்சி. நேத்து ஆரணியில அந்த மெஸ்ஸுக்காரம்மா, ஏம்மா பஸ்ஸு கெடைக்கலயான்னு பாவப்பட்டு ஆளுக்கொரு தோசை கூடப் போட்டாவல்லா.

— ம்.

— கடையத்துலயும் மலை இருக்கு. மேக்க பாத்தா வீட்டுக்குப் பின்னாலயே நிக்கி. ஆனா யாருகூட ஏற? அங்கன எங்க சொந்தக்காரப் பொம்பளையள்லாம் என்னைய சைக்கிள்ல பாத்தா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாளுவ. இரு, மூச்சு வாங்கிக்கிடுதேன்.

— ம்.

— பயமா இருக்குட்டி. அந்த ஊருல பொறந்தவதான் நான். ஆனாலும் பயமாத்தான் இருக்கு. திரும்பவும் யாருகிட்டயும் ஒட்டாம ஒக்காந்திருவேனோன்னு இருக்கு. இன்னும் ஒண்ணு பாக்கி. அவிய இன்னைக்கிக் காலையில சாமான்லாம் லாரியில ஏத்திட்டாவ. கூடவே அவியளும் போறாவ. நாம திரும்பிப் போகையில அந்த வீடு பூட்டிக் கெடக்கும். ஒன்கிட்ட கேக்காமலே, ஜுபைதா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு ரயில் ஏறுதேன்னு சொல்லிட்டேன். அம்புட்டுதான். சொல்லி முடிச்சிட்டேன்.

— ம்.

— அந்தா, உச்சி. அந்தக் கடை தெரியுது பாரு. மிதி, மிதி. வந்துட்டோம். கால ஊனிக்கோ. இப்பம் சொல்லு. திட்டணும்னா திட்டு.

— மொதல்ல தண்ணி குடுடி.

— இந்தா.

— அல்லா... இன்னா காத்துடி. நம்ம ட்ரங்க் ரோட்டுப் புகைல கெடக்கறவங்களுக்கு இத்த ஒரு மூட்டை கட்டி எடுத்துகினு போவணும்.

— பேச்ச மாத்தாத.

— மாத்தல. நீ சொன்னது அத்தினியும் எனக்கு முன்னாடியே தெர்யும்.

— எப்படித் தெரியும்?

— உங்க ஊட்டு டிவிக்கு உறை யாரு தெச்சது?

— அவிய கடையில தைக்கக் குடுத்ததா சொன்னாவ.

— கடைதான். என் கடைதான். குவார்ட்டர்ஸ் காலி பண்றவங்க லாரில ஏத்துறதுக்கு டிவி, மிக்சி, கிரைண்டருன்னு அல்லாத்துக்கும் உறை தெச்சுக்க என்கிட்டதான வராங்க. பக்கத்தூட்டு கிருபாகரன் சாரு ஊருக்குப் போறப்ப நீதான அவரு பொண்டாட்டிய இட்டுகினு வந்த? அத்த மறந்துட்டியே.

— ஐயோ. நான் அத நெனைக்கவே இல்லயே.

— உங்க ஊட்டுக்காரரு, வேலுசாமி அண்ணாத்தே, துணிய கொண்டாந்து வெச்சிட்டு, தங்கச்சி, அவ இன்னும் உன்னாண்ட சொல்லலம்மா, நீ தெரிஞ்சாப்ல காட்டிக்காதன்னு தலைய கவுத்துகினு நின்னாரு. மனுசன் மூஞ்ச பாக்க முடியல.

— இம்புட்டு நாளும் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலயே நீ.

— நீதான சொல்லணும்? நான் கேட்டு நீ சொன்னா அதுல இன்னா கீது? ஒரு மேடு வராமயா பூடும்னு கம்முனு இருந்துட்டேன். தெச்சுகினே அழுதேன், அது வேற. கிரைண்டர் உறைல ஒரு பக்கம் தையலு கோணலா பூட்டுகீது. கண்ணு தெரியலடி, இன்னா பண்றது. போயி பாரு.

— கோவமே இல்லியா ஒனக்கு?

— இல்லாம இருக்குமா? அடிவாரத்துல நெறையத்தான் இருந்துச்சு. இந்த மேட்டுல மூச்சுக்கே பத்தல, கோவத்துக்கு எங்க போவேன். அப்பால அந்தப் பட்டன் கதைய சொன்ன பாரு, அதோட பூட்ச்சு. நானும் ஒவ்வொரு தபாவும் பாப்பேன், இன்னாடா இது, நூலோட பிச்சுகினு வந்துகீறான்னு.

— கண்ணத் தொடச்சுக்கோ. ரோட்டுல போறவன் பாக்கான்.

— பாக்கட்டும். நீயும் தொடச்சுக்க.

— எனக்கு இப்பந்தான் மனசு லேசா இருக்கு. வா, அந்தக் கடையில டீ குடிப்போம். ராத்திரி இங்கன தங்கிட்டு, வெள்ளன எந்திரிச்சு போளூர் பக்கம் எறங்கிரலாம். ஆரணியில அந்த அம்மாகிட்ட ஒரு எட்டு சொல்லிக்கிட்டுப் போவோம்.

— போளூர் பக்கம் எறங்கல.

— பொறவு?

— செங்கம் பக்கம் எறங்குறோம்.

— செங்கமா? அது தெக்க போற ரோடுல்லா? ஊருக்குத் திரும்ப ஊரச் சுத்தணுமே.

— சுத்தலாம் வாணாம். கடைய தஸ்லீம் பாத்துக்குவா. எங்க ஊட்டுக்காரரு ரசமும் அப்பளமுமா சமாளிச்சுக்குறேன், போயிட்டு வான்னு சொல்ட்டாரு. திரும்பி வர்றப்ப எனக்கு ரயிலுக்கும் டிக்கெட்டு போட்டாச்சு.

— ஏட்டி, நீ என்ன சொல்லுத? செங்கத்துலருந்து ஆவடி எங்க கெடக்குன்னு தெரியுமா?

— ஆவடிக்கு யாருடி போறா? செங்கம், சேலம், மதுரைன்னு மிதிச்சு, உன்னிய கடையத்துல உன் ஊட்டு வாசல்ல வுட்டுட்டுத்தான் நான் ரயில் ஏறுவேன்.