முன் படம், பின் படம்

முப்பது வயதிலேயே எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது. கூந்தல் தைலம் விற்பவனுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை அய்யா. கடைக்கு வருகிற பெண்கள் புட்டியைத்தான் பார்ப்பார்கள்.

2006இல் சிதம்பரம் மேலவீதியில் கடை போட்டதும் இந்தத் தொழிலின் சரித்திரத்தையே தேடிப் படித்தேன். கரடிக் கொழுப்பு என்று சொல்லி வெள்ளைக்காரன் பன்றிக் கொழுப்பை விற்றிருக்கிறான். நரையை மறைக்க ஈயம் கலந்திருக்கிறான். சில புட்டிகளில் பாதி சாராயம். என் தைலத்தில் தேங்காய் எண்ணெயும் பச்சைச் சாயமும்தான், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் விற்கவில்லை. விற்பது எண்ணெய் இல்லை, தைலம் தேய்ப்பதற்கு முன், தேய்த்த பின் என்று மேலே ஒட்டுகிற இரண்டு படம்தான் என்று மெதுவாகப் புரிந்தது.

முதலில் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு மொட்டை போட்டுப் படம் எடுத்தேன். ஸ்டூடியோ ராஜமாணிக்கம் சிரித்துவிட்டார்.

"மச்சான், இது திருவந்திபுரம் கோயில்ல முடி குடுத்த தலை. சந்தனந்தான் பாக்கி. எவன் நம்புவான்?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் மொட்டை என்றால் வேண்டுதல். முடி திட்டுத்திட்டாகத் தானே கொட்டியிருக்க வேண்டும்.

என் மனைவியின் தங்கை புஷ்பவள்ளிக்கு முழங்கால் வரை முடி. பின் படத்தை முதலிலேயே எடுத்துவிட்டேன், முதுகுப்பக்கமாக. முன் படத்துக்கும் சரித்திரத்தில் வழி இருந்தது. அந்தக் காலத்தில் முடி நீக்கும் களிம்பில் ஒரு உப்பைச் சேர்த்திருக்கிறார்கள், அதையே எலிக்கு விஷமாகவும் வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் உடம்பு தேறட்டும் என்று சொல்லி அந்த உப்பை லேகியத்தில் கலந்து கொடுத்தேன். சந்தோஷமாகச் சாப்பிட்டாள்.

"மாமா, சீப்பு வச்சா கொத்துக் கொத்தா வருது. பாதம் ரெண்டும் எரியுது. கல்யாணத்துக்கு ஒன்றரை மாசந்தான் இருக்கு, அவுங்க என்னை வேணாம்னுடுவாங்க" என்று அழுதாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்கு அது போதவில்லை. இன்னும் ஒரு வாரம் சாப்பிடச் சொன்னேன். அப்புறம் வைத்தியருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, அதையும் முதுகுப்பக்கமாகவே படம் எடுத்தேன். அதிலிருந்து பதினோராம் நாள் கடலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

புட்டி பரங்கிப்பேட்டை, கிள்ளை வரைக்கும் போயிற்று. முன் படத்தில் பிடரியில் இருந்த மச்சத்தைப் பார்த்து, அது தன் தங்கைதான் என்று என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும் அய்யா. மற்றவர்களெல்லாம் முன் படத்துக்கு ஒருத்தி, பின் படத்துக்கு வேறொருத்தி என்று ஊரை ஏமாற்றுகிறார்கள். என் புட்டியில் இரண்டும் ஒரே பெண்.