அக்காவின் முன்னறையும் நகரின் நில விதியும்

தலைமைப் பொறுப்பேற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, என் பேச்சை நிறுத்துவதற்கென்றே மணியைக் கையில் வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, நில விதிகளை விரல்நுனியில் வைத்திருக்கும் உறுப்பினர்களே, அந்த விதிகள் தெரியாமலே வீடு கட்டி வாழ்ந்துவிட்ட பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் மேடை கண்டவன் அல்லன், பேருந்து ஓட்டுநர். கூட்டத்தைக் கண்டால் நிற்காமல் போகிறவன் என்று நீங்கள் திட்டுவது என் காதில் விழாமல் இல்லை. இன்று நின்றுவிட்டேன். காரணம், என் அக்கா.

அக்கா தையற்காரி. வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, அவ்வளவுதான். அதை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. ஆனால் நம் நகரின் நிலப் பயன்பாட்டு விதி என்ன சொல்கிறது? குடியிருப்புப் பகுதியில் தொழில் கூடாதாம். உண்ணலாம், உறங்கலாம், ஊர்வம்பு பேசலாம். ஊசியில் நூல் மட்டும் கோக்கக் கூடாது. சரி, கடையாக மாற்ற அனுமதி கொடுங்கள் என்றால், வாசலில் இரண்டு கார் நிறுத்த இடம் விட வேண்டுமாம். எங்கள் தெருவிலா? எதிரெதிரே இரண்டு குடை வந்தாலே ஒன்று மடங்கித்தான் ஆக வேண்டும். காருக்கு இடம் விட்டால் வீடு எங்கே நிற்கும்? காரிலேயே குடியிருந்து தைக்கச் சொல்கிறீர்களா?

ஆகவே, அனுமதி ஆய்வாளர் வரும்போதெல்லாம் முன்னறை படுக்கையறையாகிவிடும். மெஷின் மேல் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் என் அத்தான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகுவது அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் குறைவில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான் என்று அக்காவே சொல்வாள்.

பின்வரிசையில் ஒரு பெரியவர், "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறார் ஐயா. அதோ, தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் ஆய்வாளர் ஆரஞ்சுப் பழமே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்பு தேறவே இல்லையா?"

"எங்க சார்... கண்ண மூட முடியல."

"அது சரி, கழுத்துல என்ன?"

கழுத்தில் அக்காவின் அளவு டேப். பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் கொடுத்ததை மாட்டிக்கொண்டே மனிதர் படுத்துவிட்டார்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "அம்மா, நான் ஒண்ணும் குருடன் இல்ல. என் பொண்ணோட ஸ்கூல் சட்டை இங்கதான் தைச்சது. ஆனா விதியில அந்த வரி இருக்கிற வரைக்கும் நான் என்ன பண்ண? மாசக் கடைசியில சீல் வச்சுத்தான் ஆகணும்" என்றார். அன்று இரவே அத்தானுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

இன்று உங்கள் முன்னால் ஒரு திருத்தம் இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், தன் வீட்டிலேயே சிறுதொழில் செய்கிறவருக்குத் தனி அனுமதி தேவையில்லை என்கிற திருத்தம். மண்ணை மாசாக்கவா கேட்கிறோம்? மதிலை இடிக்கவா கேட்கிறோம்? மாடிமேல் மாடி கட்டி அடுத்த வீட்டு வெயிலை மறைக்கவா கேட்கிறோம்? மானத்தோடு பிழைக்கத்தானே கேட்கிறோம்! அந்த முன்னறைக்கு வைக்கிற சீல், எங்கள் அக்காவின் அடுப்புக்கும் சேர்த்து வைக்கிற சீல்.

செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துவிடுகிறேன். தலைவர் அவர்களே, தாங்கள் அணிந்திருக்கும் அந்த வெள்ளைச் சட்டையும், தங்கள் இருபுறமும் இருக்கிற உறுப்பினர்களின் சட்டைகளும், தயவுசெய்து யாரும் கழற்ற வேண்டாம், அந்த விதிமீறிய அறையில் தைத்தவைதான். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. வாக்கெடுப்பு வரும்போது தயங்காமல் கையைத் தூக்குங்கள். அக்குளில் பிடிக்காது, அக்கா தாராளமாக விட்டுத்தான் தைத்திருக்கிறாள். வணக்கம்.