பதினோராவது தட்டு

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் நிற்க நான் எப்போதோ பழகிவிட்டேன். அந்தக் கம்பியில் எத்தனை பேருடைய கை பட்டிருக்கும் என்று மற்றவர்கள் யோசிப்பதில்லை. நான் யோசிப்பேன். இருபத்தாறு வருடம் தாதியாக இருந்தவள், அதில் கடைசிப் பத்து வருடம் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவள். பெயர் பிறிஜெற். அதை உங்கள் விசாரணைத் தாளில் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள்.

சந்தேகப்படுவதுதான் என் வேலை. குறைமாதக் குழந்தைகளின் வார்ட்டில் ஒரு தாளோடு ஓரமாக நிற்பேன். யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவுவதாக நடிக்கிறார்கள் என்று குறிப்பேன். டொக்டர்மார்தான் மோசம், குழாயைத் திறந்து மூடிவிட்டுத் துடைத்துக்கொள்வார்கள். என் தலை தெரிந்தால் எல்லோரும் குழாயடிக்கு ஓடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை கழுவினால் தோல் தாங்காது. முதலில் காயும், பிறகு வெடிக்கும். வெடிப்புக்குள் கிருமி குடியேறிவிட்டால் லேசில் போகாது. ஆகவே, கை வெடித்தவர்கள் உடனே சொல்ல வேண்டும், ஆறும்வரை குழந்தைகளைத் தொடக்கூடாது என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. எழுதியது நான்தான். அதன்படி இரண்டு தாதிமாரை வார்ட்டைவிட்டு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி அழுதாள். நான் இரங்கவில்லை.

போன வருடம் என் கையும் வெடித்தது, பிறகு ஆறவேயில்லை. சவர்க்காரம் பட்டால் உயிர் போகும். நான் யாரிடமும் சொல்லவில்லை. விதியை எழுதியவளே அதில் மாட்டிக்கொண்டால் பிறகு யார் மதிப்பார்கள்? கழுவாத கையில் கையுறையைப் போட்டுக்கொண்டேன். ஒரு குழந்தையிடமிருந்து அடுத்ததற்குப் போகும்போது கையுறையைக்கூட மாற்றாமல் அதன்மேலேயே ஸ்பிரிட் தடவிக்கொள்வேன். வேறு யாராவது அப்படிச் செய்தால் சிவப்புக் குறி போடுவேன். அவர்களுக்கு என் அனுபவம் இல்லையே.

இந்த வருடம் ஓகஸ்ட்டில், ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகளின் இரத்தத்தில் ஒரே கிருமி இருந்தது. யாரோ ஒருவருடைய கையிலிருந்துதான் போகிறது என்றார் வார்ட்டுக்குப் பொறுப்பான டொக்டர் சவுந்தரநாயகம். அதன்பின் தேநீர் குடிக்கும்போதுகூட ஒருவர் விரலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். என் விரல்களை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

எல்லோரையும் சோதிப்பது என்று முடிவானது. ஜெல்லி ஊற்றிய சின்னத் தட்டில் ஐந்து விரலையும் அழுத்த வேண்டும். விரலில் கிருமி இருந்தால் இரண்டு நாளில் அதில் முளைக்கும். தட்டில் இலக்கம் மட்டும் ஒட்டியிருக்கும், பெயர்ப் பட்டியல் என்னிடம்.

"சிஸ்டர், நீங்களும் வையுங்கோ. பிறகு மற்றவை கதைப்பினம்" என்றார் டொக்டர். கடைசியாக, பதினோராவது தட்டில் வைத்தேன்.

நான்காவது தட்டு அம்னாவுடையது. கொம்பனித்தெருப் பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாதம். ஒரு மாதத்துக்கு முன்னர்தான் என்னிடம் கையைக் காட்டியிருந்தாள்.

"சிஸ்டர், சோப் பட்டா எரியுது. ரெத்தமும் வருது. ரிப்போர்ட் பண்ணணுமா?"

"வேண்டாம் பிள்ளை, வார்ட்டில ஆளில்லை. ஒருத்தரிட்டயும் சொல்லாதையும், நான் பார்த்துக்கொள்ளுறன்."

அப்போது என் மனதில் கெடுதி எதுவும் இல்லை. அவள் சொன்னால் எல்லோருடைய கையையும் பார்ப்பார்கள் என்ற பயம் மட்டும்தான்.

தட்டுகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகையில், லிஃப்டுக்குள் நான்கு, பதினொன்று என்ற இரண்டு இலக்கங்களையும் உரித்து மாற்றி ஒட்டினேன். அப்போது எதிலும் எதுவும் முளைத்திருக்கவில்லை. என் தட்டு சுத்தமாகவும் இருந்திருக்கலாம். ஒரு பாதுகாப்புக்காகத்தான் செய்தேன்.

நான்காம் இலக்கத்தில் கிருமி முளைத்தது. அம்னாவின் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். வெடிப்பு இருந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள்.

"நான் மறைக்கல்ல டொக்டர். சிஸ்டருக்கிட்ட சொன்னேனே" என்றாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை என்றேன். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் குறைந்ததால் அவளுடைய வேலை முறைகளை நானே ஏற்றுக்கொண்டேன். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

அந்த வாரம்தான் சாந்தகுமாரின் மகள் பிறந்தாள். ஆயிரத்து இருநூறு கிராம். அவன் கொச்சிக்கடையில் துறைமுக வேலை செய்பவன், கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே இருப்பான்.

"சிஸ்டர், அந்த மிஸ்ஸை அனுப்பிட்டாங்கதானே? இனிப் பயமில்லையே?"

"பயப்பிடாதையும் தம்பி. இனி நான்தான் பார்க்கிறன்."

மூக்கு வழியாகப் பால் போகும் குழாயை நான்தான் மாற்றினேன். ஐந்தாம் நாள் பிள்ளை இறந்துவிட்டது. இரத்தத்தில் அதே கிருமி. அம்னா வீட்டுக்குப் போய் அப்போது ஒன்பது நாள். திகதிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

இலக்கத்தை மாற்றியது நான். முந்தின இரண்டு குழந்தைகளும் பிழைத்துக்கொண்டன, மூன்றாவது என் கையால் செத்தது. ஆனால் கவனக்குறைவு என்று மட்டும் எழுத வேண்டாம். கையுறை இல்லாமல் எந்தப் பிள்ளையையும் நான் தொட்டதில்லை.

மறுபடி சோதிக்க இந்த டொக்டர் அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கதவுப் பிடியைத் தொட்டவர், கழுவாத கையோடு நேரே என்னிடம் வந்துவிட்டார். முதலில் போய்க் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். என் கை வெடித்திருக்கிறது, ஏதாவது கிருமி தொற்றினால் யார் பொறுப்பு?