நாகநாதரின் மறதி

ஆற்றங்கரை வீட்டில் துணி காய நேரமாகும், டாக்டர். பினாங்கில் சுங்கை பினாங்கு ஆற்றோரம் வீடு வாங்கியபோது இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றபடி அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் என் கணவரை வெளியே நர்ஸுடன் உட்கார வைத்துவிட்டு உங்களோடு தனியாகப் பேச வந்தேன்.

என் கணவர் நாகநாதருக்கு மூளை தேய்கிற நோய் என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். சொன்னதும் என் மகன் திருநாவுக்கரசு வீட்டை விற்றுவிட்டு எங்கள் இருவரையும் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போவான். அவனுடைய வீடு மாடிக்கு மேல் மாடியாக இருக்கும் கட்டடத்தில் எங்கோ உச்சியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். அப்படி ஒன்று நடப்பதற்கு முன்னால் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வீட்டை அவர் ஓய்வுக்காலத்துக்கென்று வாங்கினார். "சரித்திரம் உள்ள டவுன், ஆத்தங்கரை, வேறென்ன வேணும்?" என்று எல்லாரிடமும் சொல்வார். ஆறு கறுப்பாக இருக்கும். தகர டப்பாவும் வாழைத்தண்டும், சில நாள் ஒரு கோழியும் மிதந்து போகும். அவர் மூக்கைக்கூடச் சுருக்காமல் அதைச் சொல்வார். ஆனால் ஓய்வு வருவதற்குப் பல வருடம் முன்பே நாங்கள் குடிவந்துவிட்டோம். அவருக்குக் கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சீஃப் கிளார்க் வேலை. விடியும் முன் ஃபெரிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஆகவே அந்த வருடங்களில் ஆற்றை ஆண்டது நான்.

சமையலை முடித்துவிட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு, ஆற்றைப் பார்த்த பின்கதவடியில் உட்காருவேன். ஒன்றும் செய்ய மாட்டேன். என்ன யோசித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் நான் யாருக்கும் மனைவியாக இல்லை, யாருக்கும் அம்மாவாக இல்லை, ஆள் இல்லாத ஒரு நாற்காலி போல இருந்தேன். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது எவ்வளவு பிடித்தது என்று அது கைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது.

அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, பேசி, சுவர் மணிக்கூடு ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை அவர் சமையலறைக்கு வந்தார்.

குற்றம் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். முப்பது வருடம் ஓர் அலுவலகத்தைத் திருத்தியவர் இனி எதைத் திருத்துவார்? மல்லி, சீரகம், வெந்தய டின்களில் பெயர் எழுதி ஒட்டினார். நாற்பது வருடமாக எனக்கு வெந்தயத்தைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொதி கொதிக்கும்போது பின்னால் நின்று, "ஏன் இப்ப பால் விடுறீர்?" என்று கேட்பார். அலட்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு மசாலாத் தூள் வாங்கப் போனால் கூடவே வந்து, அந்தப் பள்ளிவாசலை யார் எப்போது கட்டினார் என்று கடைக்காரருக்கே விளக்குவார். கடைக்காரரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த வாசலில் கடை வைத்திருக்கிறது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துப் போட்டார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் அவர் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பின்கதவடியில் என் பக்கத்தில் போட்டார். போட்டு, எனக்கு ஆற்றை விளக்கினார்.

நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், எங்கே தொடங்குகிறது, முகத்துவாரத்தில் மண் ஏன் சேர்கிறது. தினமும். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை, டாக்டர். ஓய்வு அவருக்கு அப்படிப் பொருந்தியது. எனக்கு மட்டும் யாரும் மாலை போடவில்லை.

ஒரு காலையில் அவருடைய மூக்குக்கண்ணாடியை ரேடியோவின் மேலிருந்து எடுத்து அரிசி வாளிக்குள் வைத்தேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அவர் மத்தியானம் வரை தேடினார். நான் மத்தியானம் வரை ஆற்றைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். குடை, சாவி, பொய்ப்பல் டப்பா. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்கக் கூடாது. சில சமயம் அவர் தேடி முடித்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் சில நாள் இரண்டு தாளாகக் கிழிப்பேன். அவர் வெள்ளிக்கிழமை உடுப்போடு வியாழக்கிழமையே கோவிலுக்குப் போய்வருவார். காலையில் இடியப்பம் சாப்பிட்டு எழுந்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டு வைத்து, "இன்னும் சாப்பிடேல்லையே?" என்பேன். தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சாப்பிடுவார். உங்கள் குறிப்பில் எடை கூடியிருக்கிறது என்று இருக்குமே, அதற்குக் காரணம் அதுதான்.

அவர் ஒருநாளும் என்னைச் சந்தேகப்படவில்லை. இது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது.

இப்போது விநாசித்தம்பியின் விஷயம். உங்களிடம் மகன் சொல்லியிருப்பான். அவன் அதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறான். விநாசித்தம்பி இவரோடு வேலை பார்த்தவர், நெருங்கிய சிநேகிதர். எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குச் செத்த வீட்டுக்கு அழைப்பு வேண்டாம். செய்தி காதில் விழுந்தால் கேள்வி கேட்காமல் வேட்டியை மாற்றிக்கொண்டு புறப்பட வேண்டும், இறந்தது யார், எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. என் கணவருக்கு அதில் தனிப் பெயர். பினாங்கில் எந்தச் செத்த வீட்டிலும் இரங்கல் உரை அவருடையதுதான்.

அவர் குளித்துவிட்டு வந்தபோது, போன் வந்தது, விநாசித்தம்பி அண்ணைக்கு நெஞ்சுவலி, முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து சிநேகிதர்கள் எல்லாருக்கும் போன் செய்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை, அவர் தனியாகப் போய் ஒரு பகல் வெளியே இருப்பார் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். மூன்று கார் நிறைய ஆட்கள், எல்லாரும் வெள்ளை வேட்டி. முன்னால் இவர், கையில் சீனன் கடையில் வாங்கிய மலர்வளையம்.

கதவைத் திறந்தது விநாசித்தம்பி. பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

"வளையம் ஆருக்கு, நாகநாதர்?" என்று கேட்டிருக்கிறார்.

என் கணவருக்குப் பொய் வராது. "உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

விநாசித்தம்பியும் லேசுப்பட்டவர் இல்லை. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். வளையத்தை ஹாலில் மாட்டினார். பிறகு, "செத்த பிறகு நான் கேக்கவோ போறன்? பேச்சை இப்பவே பேசும்" என்றார். எவ்வளவு மறுத்தும் விடவில்லை. இவர் எழுந்து பேசினார். மிகவும் நன்றாக இருந்ததாம். விநாசித்தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓர் உத்தியோக உயர்வு விட்டுப்போனதாகச் சொல்லித் திருத்தியிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீர்தானேயப்பா போன் வந்தது எண்டு சொன்னனீர்?"

"நான் எப்ப சொன்னனான்? போன் அடிக்கவே இல்லையே."

போனைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஓம், நான்தான் பிழையாய் விளங்கியிருப்பன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்கும் போகவில்லை. டின்களைத் தொடவில்லை. எதற்கும் என்னைக் கேட்டார். பின்கதவடியில் இரண்டு நாற்காலியும் அப்படியே இருந்தன, ஆனால் அவர் பேசுவதில்லை. ஆறு எனக்குத் திரும்பக் கிடைத்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. கொஞ்ச நாள். பிறகு ஒரு பின்னேரம் நீர் ஏறிக்கொண்டிருந்தது, ஏன் இந்த நேரத்தில் ஏறுகிறது என்று நானாகவே கேட்டேன். அவர் ஆற்றைப் பார்த்துவிட்டு, "தெரியேல்லையே" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

அதோடு நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், டாக்டர். கண்ணாடியை ரேடியோவின் மேலேயே வைத்தேன். காலண்டரில் ஒரு தாள்தான் கிழித்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். "நீங்க அவரைக் காப்பாத்தப் பாக்கிறீங்கம்மா, நிறைய வீட்டுக்காரம்மாக்கள் இப்படித்தான் சொல்வாங்க" என்கிறீர்கள். அப்படிப்பட்ட பெண் நான் இல்லை. காப்பாற்றுகிறவள் ஒரே காலையில் இரண்டு முறை இடியப்பம் கொடுப்பாளா? நல்லம்மாளைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த வீடுதான். என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

சற்று முன் நீங்கள் அவருக்கு வைத்த பரீட்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதி தெரியவில்லை. அது காலண்டரால் வந்தது, நிறுத்தினாலும் பழக்கம் விட நாளாகும். மணிக்கூடு வரையச் சொன்னீர்கள், எல்லா எண்ணையும் ஒரு பக்கத்திலேயே எழுதினார். சுவர் மணிக்கூட்டை நான் சில சமயம் திருப்பி வைத்திருக்கிறேன். எவ்வளவு திருப்பினேன் என்பது சரியாக நினைவில்லை. போன மாதம் மீன் பாசார் பக்கம் பாலத்தடியில் நின்றுகொண்டு வீடு எது என்று மீன்காரரிடம் கேட்டாராம். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். இருந்தாலும் அதற்கும் நான்தான் காரணம், முன்பு செய்தது மெதுவாக வேலை செய்கிறது. மருந்துகள் அப்படித்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஆகவே நோய் என்று எழுத வேண்டாம். பெண்சாதி செய்த வேலை என்று எழுதுங்கள். மகன் கோபப்படட்டும், என்னோடு பேசாமல் இருக்கட்டும். செய்தவளே திருத்திவிடலாம், அதற்குக் கோலாலம்பூர் தேவையில்லை. ஆற்றங்கரையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நானே அவருக்கு விளக்குவேன். எனக்கு எல்லாம் தெரியும். தினமும் கேட்டிருக்கிறேனே.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. இப்போது உள்ளே வருவதற்கு முன்னால் வெளியே அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்தார். எழுந்து நின்று கைகூப்பினார். அந்நிய வீட்டுப் பெண்களிடம் பேசுகிற அந்த மரியாதைக் குரலில், "மன்னிக்கவேணும் பிள்ளை, நீங்கள் எந்த ஊர், ஆருடைய மகள்?" என்று கேட்டார்.

அதையும் நான்தான் செய்தேன், டாக்டர். எப்படிச் செய்தேன் என்பதுதான் இப்போது ஞாபகம் வரவில்லை.