நேர் பின்னால் நிற்பவனுக்குக் கேட்காது

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் வானொலிப் பெட்டிகூட வைத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு விமான எஞ்சின்களின் சத்தத்தை அளக்கும் வேலை என்றால் எல்லோரும் சிரிப்பார்கள், ஐயா. நீங்கள் சிரிக்காதது எனக்குப் பிடித்திருக்கிறது.

சாவோ ஜோசே நகரில் எங்கள் சோதனைத் திடலில் பதினான்கு வருடம் இருந்தேன். எஞ்சினைக் கான்கிரீட் மேடையில் பூட்டி ஓட்டுவோம். அதன் வாலிலிருந்து சீறும் காற்றில் ஒலி எப்படிப் பரவுகிறது என்று அளப்பது என் பொறுப்பு. அந்தக் காற்று நடுவில் சூடாகவும் வேகமாகவும் இருக்கும். ஓரத்தில் ஆறி, மெதுவாகிவிடும். அதனால் ஒலி நேராகப் போகாமல் ஓரம் பார்த்து வளைந்து வெளியேறிவிடுகிறது. பக்கவாட்டில் நிற்பவனுக்குக் காது கிழியும். நேர் பின்னால் நிற்பவனுக்கு உறுமல் மட்டுமே கேட்கும். கூர்மையான ஒலி எதுவும் அவனிடம் வந்து சேராது.

எங்கள் எச்சரிக்கைச் சங்கின் ஒலி கூர்மையானது. அதை எஞ்சினின் வால்பக்கமே பொருத்தியிருந்தார்கள். வேகத்தைக் கூட்டுவதற்கு இருபது விநாடி முன்பு ஊதுவார்கள். பின்னால் வேலை செய்பவர்கள் அதைக் கேட்டு விலகிவிட வேண்டும்.

நேர் பின்னால் இருப்பவனுக்கு அந்தச் சங்கு கேட்காது என்று மேலிடத்துக்கு மூன்று குறிப்புகள் எழுதினேன். மூன்றாவதை எங்கள் தலைவர் டாக்டர் அமில்கார் உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

"பத்து வருஷமா அதே சங்குதான்யா ஊதுது. செத்தவன் ஒருத்தனக் காட்டு எவரால்டோ, நாளைக்கே மாத்திடறேன்."

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜெனேசியோ மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் ஒலிவாங்கிகளை நட்டுச் சரிபார்ப்பவன் அவன். அவன் மகள் லுசியேனிக்கு நான்தான் ஞானத்தந்தை.

"அந்தாளு கெடக்கறான், விடுண்ணே," என்றான் வெளியே வந்ததும். "எனக்கு அங்க சங்கு கேக்கறதே இல்ல, நெசந்தான். நீ பக்கவாட்டுல நின்னு கொடியாட்டு. எனக்கு அது போதும்."

எட்டு மாதம் ஆட்டினேன். சங்கு ஊதும், சிவப்புக் கொடியை உயர்த்துவேன், அவன் எழுந்து விலகுவான். இதைத்தான் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். என் கொடியால் யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால் என்னை யாரும் நம்பவில்லை. உண்மையை நானே மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதக் குளிர்காலத்துக் காலை. ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனி இன்னும் விலகவில்லை. எஞ்சின் பாதி வேகத்தில் ஓடியது. ஜெனேசியோ நாற்பது மீட்டர் பின்னால் மண்டியிட்டு ஒரு ஒலிவாங்கித் தாங்கியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். சங்கு ஊதியது. காதுமூடியைத் தாண்டி என் பல் கூசியது. அவன் தலை நிமிரவில்லை. என் கணக்கு சரியாக இருந்தது.

பன்னிரண்டாவது விநாடியில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். புருவத்தை உயர்த்திக் கேட்டான். கொடி என் வலது கையில், தொடையோடு ஒட்டியிருந்தது. இடது கையின் கட்டைவிரலை உயர்த்தினேன். அவனும் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திவிட்டுத் திருகின் பக்கம் திரும்பினான்.

காற்று தள்ளிக் கீழே விழுவான், கை முறியும், அவ்வளவுதான் என்று நினைத்ததாக விசாரணையின்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஐயா. அளந்து குறித்தவன் நான்தான்.

ஒரே வாரத்தில் சங்கை மாற்றினார்கள். நான்கு பக்கமும் ஒலிபெருக்கி, சிவப்பு விளக்கு. டாக்டர் அமில்கார் என் மூன்று குறிப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

நான்கு வருடம் கழித்து ஏன் காவல் நிலையத்துக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி இவோனி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கறுப்புப் பயறும் சோறும் பரிமாறியபடியே கேட்டாள்: "அண்ணே, கடைசியா அவருக்கு எதாச்சும் கேட்டிருக்குமா? பயந்திருப்பாரா?"

"இல்லம்மா. அந்த எடத்துல எதுவும் கேக்காது."

"அப்பாடா," என்றாள். என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

அன்றிலிருந்து கூர்மையான ஒலிகள் என்னிடம் வருவதில்லை. கோயில் மணி, குருவி, கொதிக்கும் கெண்டியின் விசில், எதுவும். முந்தாநாள் லுசியேனி என் வாசலில் நின்று வெகுநேரம் கூப்பிட்டாளாம். காதில் கோளாறே இல்லை என்கிறார் மருத்துவர். உங்கள் கனத்த குரல் நன்றாகக் கேட்கிறது. மற்றபடி உறுமல் மட்டும்தான், நாள் முழுக்க.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்தத் திடலில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, அதனாலென்ன. ஜெனேசியோ இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து சொல்லியிருப்பான்.