மச்சானின் பஜீரோவுக்கு ஒரு எஞ்சின்

பழைய பஜீரோவுக்கு எஞ்சின் தேடுவதும் ரெண்டாந்தாரத்துக்குப் பெண் தேடுவதும் ஏறத்தாழ ஒரே வேலைதான். முந்தி எங்கே இருந்தது, எவ்வளவு ஓடியது, ஏன் கழற்றி விட்டார்கள் என்று எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். கிடைக்கிற பதிலில் பாதியைத்தான் நம்ப வேண்டும். இதைச் சொன்னால் கராஜுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. சரி, மரண விசாரணை அதிகாரி சிரித்துக்கொண்டு திரிந்தால் அதுவும் வடிவாக இருக்காதுதான். அந்தக் கதிரை ஆடும், மற்றதில் இருங்கள். தேத்தண்ணி வரும்.

என் மருமகள், தங்கச்சியின் மகள் சுஹைராவின் மௌத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். வெள்ளத்தில் ரோட்டு மறிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லாமல், பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள் என்று உங்கள் கையில் இருக்கிற கடதாசி சொல்கிறது. அது பொய்யில்லை. ஆனால் கஜீபன் உங்களிடம் வந்து வேறொன்றும் சொல்லியிருக்கிறான். அவன் என் கராஜின் பெரிய பாஸ், மெக்கானிக்குகளுக்குத் தலைவன், கைசுத்தமான வேலைக்காரன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குத் தெரிந்தது எஞ்சினைப் பற்றி மட்டும். மிச்சம் என்னிடம் இருக்கிறது.

நான் முத்தலிப். கிண்ணியாவில் பிறந்தவன், பாலம் தாண்டி இந்தத் துறைமுகப் பட்டணத்தில் கராஜ் போட்டவன். என் வாப்பா துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் கழித்துவிட்ட சங்கிலி, பித்தளை, கயிறு வாங்கி விற்றவர். எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்புக் கேட்டாலும் பேரம் பேசித்தான் தருவார்கள். அப்படி வளர்ந்தவன் கதையைக் கொஞ்சம் சுற்றிச் சொல்வான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி என் மச்சான் அபூதாஹிருடையது. சுஹைராவின் வாப்பா. என் தங்கச்சி ஆதிலாவைக் கட்டினவர். கிண்ணியாவுக்கு உள்ளே, வயல் பக்கம், வாய்க்கால் கரையில் வீடு. போன செப்டம்பரில் ஒரு லொறியின் பின்னால் கயிறு கட்டி பஜீரோவை என் கராஜுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓடி, எஞ்சினை வேகவைத்திருந்தார். புளொக் வெடித்திருந்தது. திருத்துகிற கதையே இல்லை, வேறு எஞ்சின்தான் போட வேண்டும். இப்போது வாகனம் விற்கிற விலையில், பழையதை எறிந்துவிட்டுப் புதிது வாங்க வெளிநாட்டில் நாலு பிள்ளைகள் இருக்க வேண்டும்.

"மச்சான், சொந்தக்காரனுக்கு எண்டு ஒரு விலை இருக்குந்தானே" என்றார்.

"இருக்கு. மத்தவங்களுக்குச் சொல்றதவிடக் கொஞ்சம் கூட. பிறகு கலியாண வீட்டுல வச்சி என்னையப் பேசுவீங்க, அதுக்கும் சேத்து."

சிரித்தார். அவர் சிரிப்பு நல்ல சிரிப்பு, அதை மறுக்க ஏலாது. அதற்குப் பிறகு பேரம் தொடங்கியது. இரண்டாவது தேத்தண்ணிக்கு முன்னமே அவர் கேட்ட விலைக்கு நான் ஓம் என்றேன். அவருக்கே அது பிடிக்கவில்லை, பேசுவதற்கு இன்னும் நிறைய வைத்துக்கொண்டு வந்தவர். அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி நஜ்முன் நிஸா, காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வண்டி என் கராஜுக்குள் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த வண்டியை எனக்கு வெகு காலமாகத் தெரியும். இருபது வருஷத்துக்கு முந்தி, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் அவர் அதை யப்பானிலிருந்து இறக்கினார். கிண்ணியாவில் அப்போது அப்படி வண்டி கிடையாது. பெடியன்கள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பறவை எச்சமிடும் என்று படங்கு போட்டு மூடி வைத்திருந்தார். அந்த மாரியில்தான் ஆதிலாவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஒரு பின்னேரம் உதிரம் போகத் தொடங்கியது. வெளியே மழை, ரோட்டெல்லாம் சேறு. உம்மா அங்கே நின்றவ, அவதான் எனக்குச் சொன்னது. வண்டியை எடுங்க மருமகன் என்று உம்மா கேட்டிருக்கிறா. அவர் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்திருக்கிறார். மழை விடட்டும், நாளைக்குக் கொண்டு போவம் என்றிருக்கிறார்.

விடியவில்லை, ஆதிலா போய்விட்டாள்.

ஜனாஸாவுக்குப் போனபோது நான் அழவில்லை. முற்றத்தில் நின்ற பஜீரோவைச் சுற்றி நடந்து பார்த்தேன். டயரில்கூட ஒரு சேற்றுப் பொட்டு இல்லை. சுஹைரா அப்போது தவழ்கிற பிள்ளை. வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றது.

ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நானும் சொன்னேன். அவர் பிறகு கலியாணம் கட்டவில்லை, தனியாக நின்று அந்தப் பெண்ணை வளர்த்தார். ஊர் அதை அவருக்குப் பெரிய புண்ணியமாகச் சொல்லும். நான் பெருநாளுக்குப் போவேன், வட்டிலப்பம் தின்பேன், மச்சான் மச்சான் என்று கதைப்பேன். விலை படியாத சாமானை நான் எறிகிறவன் இல்லை. பின்னறையில் எடுத்து வைத்துவிடுவேன். ஒரு நாளைக்கு அதற்கும் ஆள் வரும்.

வண்டி வந்த அன்றைக்கே எஞ்சினைக் கழற்றச் சொன்னேன். கஜீபன், புதிது வந்து சேரட்டுமே, அவசரம் என்ன என்று கேட்டான். அவசரம் இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு பாஸ் பிரித்துப்போட்ட வண்டியில் இன்னொரு பாஸ் கை வைக்க மாட்டார். கழற்றினவன்தான் பூட்ட வேண்டும். எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்த பிறகு அந்த வண்டிக்கு என்னை விட்டால் வேறு வழியில்லை.

பழி தீர்க்க நினைக்கிறவன் உதவாத எஞ்சினைப் போட்டுக் கொடுப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். நானே கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, அந்த மொடலுக்குச் சரியான எஞ்சினை எடுத்துக்கொண்டு வந்தேன். கஜீபன் ஒரு ஆணி மிச்சம் வைக்காமல் பூட்டினான். ஒக்டோபர் முடிவதற்குள் வேலை சரி. நானும் அவனும் துறைமுகக் கரையால் சீனன்குடா வரை ஓடிப் பார்த்தோம். தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி வண்டிக்குப் பொருந்தியிருந்தது. திரும்பி வந்து படங்கு போட்டு மூடினேன்.

அபூதாஹிர் கேட்டார். ஒரு ரப்பர் குழாய் வரவேண்டியிருக்கு, வந்ததும் முடிஞ்சுது, நாளைக்கு, இன்ஷா அல்லாஹ் என்றேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன். வெறும் நாளைக்கு என்று சொல்லியிருந்தால் அது பொய். நான் ஒரு முறையும் இன்ஷா அல்லாஹ் இல்லாமல் சொன்னதில்லை. இலங்கையில் எந்தக் கராஜில் நாளைக்கு என்று சொல்வதில்லை? அதற்கு என்ன சட்டம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவர் பொறுமை கெட்டு உப்புவெளிக் கோணேஸ்வரன் பாஸிடம் போனார். கோணேஸ்வரன் உடனே எனக்குப் போன் எடுத்தார்.

"முத்தலிப், உம்மட மச்சான் இஞ்ச வந்து நிக்கிறார். என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்ல அண்ணன். அவர் விரும்பினா நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க."

"நீர் திறந்த வண்டியை நான் ஏன் ஐசே தொடுறன்? அவருக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புறன்."

அனுப்பினார். நல்ல மனிசன். அவரை இதற்குள் இழுக்காதீர்கள்.

இப்போது சுஹைராவின் கதைக்கு வருகிறேன். புருஷன் அஸ்ஹான் கட்டாரில். முதற்பிள்ளை என்பதால் வாப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். டிசம்பர் முதற்கிழமையில் பிள்ளை கிடைக்கும் என்று டொக்டர் சொன்னதை நான் கேட்டு வைத்திருந்தேன். மாமன் கேட்கத்தானே வேண்டும். நஜ்முன் நிஸா சின்னச் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டைப்பறிச்சானிலிருந்து நல்ல இறால் வாங்கி அனுப்பினேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு தீங்கும் நினைக்கவில்லை. அதைக் கொஞ்சம் தடித்த எழுத்தில் எழுதுங்கள். நான் நினைத்தது அபூதாஹிரை. ஒரு நாளைக்கு அவர் அந்த வாசலில் வந்து நின்று, மழையைப் பார்த்து, வண்டி இல்லையே என்று ஏங்க வேண்டும். உம்மா ஏங்கின அதே இடத்தில். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

வாசலில் நிற்கிறவர் ஏங்க வேண்டுமென்றால் உள்ளே ஒருத்தி முனக வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஓம். அது எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்லத் தொடங்கினார்கள். வாய்க்கால் பக்கம் ஆட்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். கஜீபன் வந்து நின்றான். சாவியைத் தாங்க முதலாளி, வண்டியைக் குடுத்திட்டு பஸ்ஸில வாறன், அந்தப் பிள்ளை நிறைமாசமெல்லே என்றான். உன்ர வீட்டுக்குள்ள தண்ணி வராமப் பாரு, மழை முடியிற வரைக்கும் லீவு என்று அனுப்பிவிட்டேன். போகும்போது திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் பிறகு உங்களிடம் வந்தது என்று நினைக்கிறேன்.

சுஹைரா மௌத்தான அன்றைக்குக் காலையில் கிண்ணியாப் பாலம் வரை ரோட்டில் தடை இல்லை. பாலம் தாண்டி வருகிறவர்களைக் கேட்டு வைத்திருந்தேன். அதற்கு அங்கால் உள்ரோட்டில்தான் தண்ணீர். கார் போகாது, ஓட்டோ போகாது. அம்புலன்ஸ் மதகோடு நின்றுவிட்டதாம். பஜீரோ போயிருக்கும். அதற்காகத்தானே அதை உயரமாகச் செய்திருக்கிறார்கள்.

அபூதாஹிர் திரும்பத் திரும்ப எனக்குப் போன் எடுத்தார். மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் யாரோ ஒருவரின் உழவு மெசின் கிடைத்து, அது பின்னால் இழுக்கிற பெட்டிக்குள் பாய் விரித்து, படங்கு போட்டு அவளைக் கொண்டு போனார்கள். குலுக்கலும் குளிரும். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, உயிரோடு இருக்கிறது. சுஹைராவுக்கு உதிரம் நிற்கவில்லை.

ஜனாஸா வீட்டில் அபூதாஹிர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அவர்தான் கண்ணைத் துடைத்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நீங்க என்ன செய்வீங்க மச்சான். சாமான் வரல்லயே."

இவ்வளவு காலமும் நான் காத்திருந்த நேரம் அது. நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் பேனையை மூடிவிட்டீர்கள், ஆனால் எழும்பவில்லை. சுஹைராவின் போனைப் பார்த்திருக்கிறீர்கள் போல. அன்றைக்குக் காலையில் அதிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்திருக்கும், நான் அதை எடுத்தும் இருப்பேன். சரி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாப்பாவின் போனை நான் எடுக்கவில்லை. அவளுடையதை எடுத்தேன். தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது என்றாள். இடுப்பு நோகத் தொடங்கியிருக்கிறது, வாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். தங்கச்சியின் குரல்தான், அச்சுப் பிசகாமல்.

"மாமா, வாப்பா மழை விடட்டும், பிறகு எழும்புவம் எண்டு சொல்றாரு. எனக்குப் பயமா இருக்கு. ஜீப் முடிஞ்சிட்டா? நீங்க வந்தா நான் இப்பவே வந்திருவன்."

பார்த்தீர்களா, இந்த முறையும் அவர் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஆள் மாறவே இல்லை. அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

ஈரத்துக்குப் பற்றரி இறங்கிவிடும் என்று நான் காலையில் பஜீரோவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிற வழக்கம். போன் வந்தபோது அதன் பக்கத்தில்தான் நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் மாமா என்று கேட்டாள். வேறொரு ஆளின் வண்டி மகள் என்றேன். ஜன்னலுக்குள்ளால் கையை விட்டு, சாவியைத் திருப்பி, நிற்பாட்டினேன். பிறகுதான் இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். அவள் சத்தத்தைப் பிடித்துவிடுவாள் என்ற பயத்தில் நிற்பாட்டவில்லை. தாயில்லாத பிள்ளை, பயந்துபோய் இருக்கிறாள், மாமாவின் குரலாவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான்.